செத்துப்போன நட்சத்திரம்... சிதறும் சிறுகோள்! 500 ஒளியாண்டு தொலைவில் நடந்தது என்ன?

கன்னி ராசி நட்சத்திரக் கூட்டம் இருக்கும் திசையில், சுமார் 500 ஒளியாண்டு தொலைவில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. பெயர், டபிள்யூடி 1145+017. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 2015-ல் உலகம் முழுக்க விஞ்ஞானிகள் இதைப் பற்றித்தான் பேசினார்கள்.

காரணம், இந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் சுமார் நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை திடீரென மங்கியது. சில நிமிடங்களில் மறுபடியும் பழைய நிலைக்கு வந்தது. மங்குவது ஒரே அளவாகவும் இல்லை. ஒரு தடவை லேசாக, இன்னொரு தடவை பாதிக்குப் பக்கமாக!

எது இப்படி குறுக்கே வந்து மறைக்குது? ஆராய்ந்து பார்த்ததில் கிடைத்த பதில்: துண்டு துண்டாக உடைந்துகொண்டிருக்கும் ஒரு சிறுகோள். அதை உடைத்துக்கொண்டிருந்தது, அது சுற்றி வந்த அந்த நட்சத்திரமேதான்.

ஒரு நட்சத்திரம் தன்னைச் சுற்றும் பாறையை ஏன் உடைக்குது? உடைஞ்ச துண்டுகள் எங்கே போகுது? நம்ம சூரியனும் ஒருநாள் இதைச் செய்யுமா? விரிவாகப் பார்க்கலாம்.

கெப்ளர் கண்ணில் சிக்கியது எப்படி?

நாசாவின் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி 2009-ல் ஏவப்பட்டது. வேற்று நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவதுதான் அதன் வேலை. 2013-ல் அதைத் திசை மாறாமல் நிலையாக வைத்திருக்கும் சக்கரங்களில் இரண்டாவதும் பழுதானது. தொலைநோக்கி அவ்வளவுதான் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் சூரிய ஒளி தரும் மெல்லிய அழுத்தத்தையே ஊன்றுகோலாக வைத்து, 2014-ல் 'கே2' என்ற பெயரில் அதை மறுபடியும் வேலைக்குக் கொண்டு வந்தார்கள் பொறியாளர்கள்.

அந்த இரண்டாவது இன்னிங்ஸில் கிடைத்ததுதான் இந்த நட்சத்திரம். அப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ வாண்டர்பர்க் தலைமையிலான குழு இதைக் கண்டுபிடித்தது. 2015 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

கெப்ளர் தரவில் வெளிச்சம் 2 சதவீதம் வரைதான் குறைந்ததாகத் தெரிந்தது. ஏன்னா, கெப்ளரின் ஒவ்வொரு பதிவும் சுமார் அரை மணி நேர வெளிச்சத்தின் சராசரி. சில நிமிடமே நீடிக்கும் சரிவு அதில் கரைந்து போய்விடும். அதனால் தரையில் இருக்கும் தொலைநோக்கிகளைத் திருப்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் உண்மை தெரிந்தது. வெளிச்சம் 40 சதவீதம் வரை குறைந்தது!

இது எவ்வளவு பெரிய அளவு என்று புரிய ஓர் ஒப்பீடு. வெகு தொலைவிலிருந்து ஒருவர் நம் சூரியனைப் பார்க்கிறார், அதன் குறுக்கே பூமி கடந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் 0.01 சதவீதம்கூட குறையாது. வியாழனே கடந்தாலும் சுமார் 1 சதவீதம்தான்.

இன்னொரு தடயமும் கிடைத்தது. திடமான ஒரு பாறை அந்த நட்சத்திரத்தைக் கடக்க ஒரு நிமிடம் போதும். இங்கேயோ சரிவு பல நிமிடம் நீடித்தது. சட்டென மங்கி, மெதுவாகத் தெளிந்தது. அப்படியென்றால் மறைத்தது ஒற்றைப் பாறை இல்லை. வால் நட்சத்திரம் போல பின்னால் நீண்ட வாலோடு போகும் தூசி மேகம்.

கெப்ளர் தரவில் ஒன்றல்ல, 4.5 மணி முதல் 4.9 மணி வரை 6 வெவ்வேறு கால இடைவெளிகள் தெரிந்தன. அதாவது, பல துண்டுகள் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

வெள்ளைக் குள்ளன்னா என்ன?

டபிள்யூடி 1145+017 சாதாரண நட்சத்திரம் இல்லை. அது ஒரு வெள்ளைக் குள்ளன். அதாவது செத்துப்போன நட்சத்திரம்.

நட்சத்திரம் எரிவது அதன் மையத்தில் நடக்கும் அணுக்கரு இணைவால். எரிபொருள் தீரும் கட்டத்தில் சூரியன் போன்ற நட்சத்திரம் பல மடங்கு ஊதிப் பெருத்து 'சிவப்பு ராட்சதன்' ஆகும். பிறகு வெளி அடுக்குகளை விண்வெளியில் உதறிவிடும். கடைசியில் மிஞ்சுவது மையப் பகுதி மட்டும். அடுப்பை அணைத்த பிறகும் கனன்றுகொண்டே இருக்கும் கங்கு மாதிரி, புதிதாக எதையும் எரிக்காமல், இருக்கும் சூட்டிலேயே ஒளிர்ந்துகொண்டு கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆறிக்கொண்டிருக்கும். இதுதான் வெள்ளைக் குள்ளன்.

அளவு ஏறக்குறைய பூமி அளவு. ஆனால் எடை? சூரியனில் பாதிக்கும் மேல்! அதில் ஒரு டீஸ்பூன் அள்ளினால் பல டன் இருக்கும். அதன் பரப்பில் ஈர்ப்பு விசை பூமியைவிட லட்சம் மடங்குக்கும் அதிகம்.

எந்த நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக முடியும், எது முடியாது என்பதற்கான கணக்கைப் போட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே இந்தக் கணக்கில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 19. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு நிறைதான் ஒரு வெள்ளைக் குள்ளனுக்கு உச்ச வரம்பு என்பது அவர் சொன்ன முடிவு. 'சந்திரசேகர் வரம்பு' என்று இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது. 1983-ல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாத்தையும் விழுங்கிய பிறகு, பாறை எங்கிருந்து வந்தது?

இங்கேதான் ஒரு சிக்கல். சிவப்பு ராட்சதனாக ஊதும்போது நட்சத்திரம் தனக்குப் பக்கத்தில் இருக்கும் கோள்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். டபிள்யூடி 1145+017-ஐச் சுற்றிய துண்டுகளோ அதிலிருந்து சுமார் 8 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தன. இது பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்கு. நட்சத்திரம் ராட்சதனாக இருந்த காலத்தில் இந்த இடம் அதன் வயிற்றுக்குள் இருந்திருக்கும். அப்போது அங்கே எந்தப் பாறையும் தப்பியிருக்க முடியாது.

அப்படியானால் அது பிறகுதான் வெளியிலிருந்து உள்ளே வந்திருக்க வேண்டும். எப்படி?

நட்சத்திரம் வெளி அடுக்குகளை உதறும்போது எடையில் பெரும் பகுதியை இழக்கிறது. எடை குறைந்தால் ஈர்ப்புப் பிடியும் தளரும். தூரத்தில் தப்பிப் பிழைத்த கோள்களும் சிறுகோள்களும் இன்னும் விலகிப்போகும். பல நூறு கோடி ஆண்டுகளாக ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஓடிய பாதைகள் குழம்பும். வியாழன் போன்ற பெரிய கோள் ஒன்று பக்கத்தில் இருந்தால், அதன் ஈர்ப்பு சிறுகோள்களை நிலைகுலைய வைக்கும். சில வெளியே தூக்கி வீசப்படும். சில நட்சத்திரத்தை நோக்கித் தள்ளப்படும்.

கோள்கள் தப்பிக்க முடியுமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது. 2020-ல் இதே வாண்டர்பர்க் தலைமையிலான குழு, டபிள்யூடி 1856 என்ற வெள்ளைக் குள்ளனை 34 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும், வியாழன் அளவுள்ள ஒன்றைக் கண்டுபிடித்தது. நட்சத்திரம் செத்த பிறகும் பெரிய கோள்கள் மிஞ்சி இருக்கலாம் என்பதற்கு அது வலுவான ஆதாரம்.

சிறுகோள் ஏன் உடையுது?

மோதினால்தான் உடையும் என்று நினைப்போம். இங்கே மோதலே தேவையில்லை. பக்கத்தில் போனாலே போதும்.

ஈர்ப்பு விசை தூரத்தைப் பொறுத்தது. பக்கத்தில் அதிகம், தள்ளிப் போனால் குறைவு. ஒரு சிறுகோள் நட்சத்திரத்தை நெருங்கும்போது, அதன் முன்பக்கம் அதிகமாகவும் பின்பக்கம் குறைவாகவும் இழுக்கப்படுகிறது. இந்த வித்தியாசம் பாறையை நீளவாக்கில் இழுத்துப் பிய்க்கப் பார்க்கும். இதன் பெயர் ஓத விசை. நிலவு நம் கடலில் ஏற்ற இறக்கத்தை உண்டாக்குவதும் இதே விசையால்தான்.

பல சிறுகோள்கள் ஒற்றைப் பாறையே கிடையாது. கற்களும் மண்ணும் ஒன்றாகக் குவிந்து, தங்கள் ஈர்ப்பாலேயே ஒட்டிக்கொண்டிருப்பவை. பொரி உருண்டை மாதிரி. பாகு கெட்டியாக இருக்கும்வரை உருண்டை நிற்கும். இங்கே பாகு என்பது சிறுகோளின் சொந்த ஈர்ப்பு, அதுவும் ரொம்ப பலவீனமானது. நட்சத்திரத்தின் ஓத விசை அதை மிஞ்சும் இடம் வந்ததும் உருண்டை உதிர்ந்துவிடும்.

அந்த இடத்துக்குப் பெயர் 'ரோஷ் எல்லை'. பிரான்ஸைச் சேர்ந்த எடுவார்ட் ரோஷ் 1848-லேயே இதைக் கணக்கிட்டார். ஒரு வெள்ளைக் குள்ளனுக்கு இந்த எல்லை சுமார் 7 லட்சம் கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய நம் சூரியனின் ஆரம் அளவு. பாறையின் அடர்த்தி, உறுதியைப் பொறுத்து கொஞ்சம் கூடும், குறையும். டபிள்யூடி 1145+017-ன் சிறுகோள் சுற்றிய 8 லட்சம் கிலோமீட்டர், கிட்டத்தட்ட இந்த விளிம்பில்தான் வருகிறது.

இதே கதை நம் சூரியக் குடும்பத்திலும் நடந்திருக்கிறது. 1992-ல் ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால் நட்சத்திரம் வியாழனுக்கு மிக நெருக்கமாகப் போய் 20-க்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்தது. 1994 ஜூலையில் அந்தத் துண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வியாழனில் விழுந்ததை உலகமே பார்த்தது.

உடைந்த துண்டுகள் என்ன ஆகும்?

உடைந்ததும் எல்லாம் உடனே நட்சத்திரத்தில் விழுந்துவிடாது. துண்டுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபட்ட வேகத்தில் சுற்றுவதால், கொஞ்சம் கொஞ்சமாகப் பாதை நெடுக பரவும். ஒன்றோடொன்று மோதி இன்னும் சிறிதாகும். கடைசியில் சனிக் கோளின் வளையம் போல தூசித் தட்டாக நட்சத்திரத்தைச் சுற்றிப் படரும்.

நட்சத்திரத்தின் வெளிச்சம் படும்போது தூசித் துகள்கள் வேகம் இழந்து மெதுவாக உள்நோக்கி நகரும். ஒரு கட்டத்தில் வெப்பம் தாங்காமல் கல் அப்படியே ஆவியாகும். அந்த வாயு கடைசியில் நட்சத்திரத்தின் மேல் விழும்.

இதற்கான நேரடி ஆதாரம் 2022-ல் வெளியானது. ஜி29-38 என்ற வெள்ளைக் குள்ளனில் பாறைப் பொருள் விழும்போது எழும் எக்ஸ் கதிர்களை நாசாவின் சந்திரா தொலைநோக்கி பதிவு செய்தது. ஆமாம், அந்தத் தொலைநோக்கிக்கும் சந்திரசேகரின் பெயர்தான்!

இதே ஜி29-38-ஐச் சுற்றி வழக்கத்துக்கு மாறான அகச்சிவப்பு ஒளி இருப்பது 1987-லேயே தெரியும். ஏன் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. சிதைந்த சிறுகோளின் தூசிதான் அப்படிச் சூடாகி ஒளிர்கிறது என்று 2003-ல் விளக்கம் தந்தவர் வானியலாளர் மைக்கேல் ஜூரா.

கலங்கிய தண்ணீர் சொல்லும் ரகசியம்

தூசித் தட்டு கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களில்கூட இந்த 'விருந்து' நடந்ததைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி மண்ணைப் போட்டால் கலங்கும். கொஞ்ச நேரம் விட்டால் மண் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும். தண்ணீர் கலங்கலாகவே இருந்தால், யாரோ இப்போதுதான் மண்ணைப் போட்டிருக்க வேண்டும், இல்லையா?

வெள்ளைக் குள்ளனும் அப்படித்தான். அதன் பயங்கரமான ஈர்ப்பில் இரும்பு, கால்சியம் போன்ற கனமான தனிமங்கள் உள்ளே மூழ்கிவிடும். சில நட்சத்திரங்களில் சில நாட்களிலேயே, சிலவற்றில் லட்சக்கணக்கான ஆண்டுகளில். எப்படிப் பார்த்தாலும், நட்சத்திரத்தின் வயதோடு ஒப்பிட்டால் அது குறைந்த நேரம். வெளியே ஹைட்ரஜனோ ஹீலியமோ மட்டும்தான் தெரிய வேண்டும். ஆனால் 25 முதல் 50 சதவீத வெள்ளைக் குள்ளன்களின் ஒளியில் இந்தக் கனமான தனிமங்களின் தடயம் இருக்கிறது. சமீபத்தில்தான் எதுவோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

டபிள்யூடி 1145+017-லும் மக்னீசியம், அலுமினியம், சிலிகான், கால்சியம், இரும்பு, நிக்கல் எல்லாம் இருந்தன. குறுக்கே போன தூசி, பரப்பில் விழுந்த பாறை இரண்டும் ஒரே நட்சத்திரத்தில் சேர்ந்து சிக்கியதால்தான் இந்தக் கண்டுபிடிப்புக்கு இவ்வளவு மதிப்பு. அதுவரை தடயங்களை வைத்து ஊகித்த சம்பவத்தை, அப்போதுதான் நடக்கும்போதே பார்க்க முடிந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யம். இப்படி ஒரு தடயம் 1917-லேயே கையில் இருந்தது. சுமார் 14 ஒளியாண்டு தொலைவில் உள்ள 'வான் மானன் நட்சத்திரத்தின்' நிறமாலையை கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் கண்ணாடித் தகட்டில் பதிவு செய்திருந்தார்கள். அதில் கால்சியத்தின் கோடுகள் தெரிந்தன. வேறொரு கோள் குடும்பத்தின் சிதைவுதான் அது என்று புரிய கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆகின.

கல்லுக்குள்ள என்ன இருக்கு?

வேற்று நட்சத்திரத்தைச் சுற்றும் ஒரு கோளின் அளவையும் எடையையும் நம்மால் அளக்க முடியும். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அதை உடைக்க வேண்டும். அந்த வேலையைத்தான் வெள்ளைக் குள்ளன் செய்து தருகிறது. விழுங்கிய பாறையின் சமையல் குறிப்பையே தன் ஒளியில் எழுதிக் காட்டுகிறது.

இதுவரை படித்ததில் பெரும்பாலானவை பூமி மாதிரியே இருக்கின்றன. ஆக்சிஜன், மக்னீசியம், சிலிகான், இரும்பு என்ற நான்கும்தான் பெரும் பகுதி. நம் பூமியைக் கட்டிய கற்கள் ஒன்றும் அபூர்வமானவை இல்லை என்பதற்கு இது முக்கியமான சான்று.

2013-ல் ஜிடி 61 என்ற வெள்ளைக் குள்ளனை ஆராய்ந்தபோது பாறைக்குத் தேவையானதைவிட அதிக ஆக்சிஜன் கிடைத்தது. கணக்குப் போட்டால், அது விழுங்கிய சிறுகோளின் எடையில் சுமார் 26 சதவீதம் தண்ணீர்! வறண்ட கோள்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்து சேர்ப்பவை இப்படிப்பட்ட சிறுகோள்களாக இருக்கலாம் என்பதால், உயிர்கள் வாழும் வாய்ப்பைத் தேடுபவர்களுக்கு இது பெரிய செய்தி.

2019-ல் இன்னொரு ஆச்சரியம். எஸ்டிஎஸ்எஸ் ஜே1228+1040 என்ற வெள்ளைக் குள்ளனைச் சுற்றியுள்ள தூசித் தட்டுக்குள், 123 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் ஒரு பொருள் இருப்பதை கிறிஸ்டோபர் மான்சர் தலைமையிலான குழு கண்டுபிடித்தது. ரோஷ் எல்லைக்கு நன்றாக உள்ளே இருந்தும் அது உடையவில்லை. சாதாரண பொரி உருண்டையாக இருந்தால் எப்போதோ உதிர்ந்திருக்கும். உடைந்துபோன ஒரு கோளின் இரும்பு மையமாக இருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

தூசி எங்கே போச்சு?

சரி, டபிள்யூடி 1145+017-க்கு வருவோம். 2015-ன் இறுதியில் தாய்லாந்தின் டோய் இந்தனான் மலையில் இருக்கும் 2.4 மீட்டர் தொலைநோக்கியால் இதைப் பார்த்தார்கள். சில மாதங்களுக்கு முன்பு இருந்ததைவிட நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. ஏகப்பட்ட சரிவுகள், 3 முதல் 12 நிமிடம் வரை நீடித்தன. வெளிச்சம் 60 சதவீதம் வரைகூட குறைந்தது. அமெச்சூர் வானியலாளர்களும் தங்கள் சிறிய தொலைநோக்கிகளால் இரவுக்கு இரவு துண்டுகளின் நகர்வைப் பதிவு செய்தார்கள். அந்தத் தரவுகளும் ஆய்வுக் கட்டுரையில் இடம்பிடித்தன.

வானியலில் மாற்றம் என்றால் லட்சம், கோடி ஆண்டு என்றுதான் கேள்விப்படுவோம். இங்கே வாரத்துக்கு வாரம் காட்சி மாறியது.

அடுத்து நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. தாய்லாந்தின் நரேசுவான் பல்கலைக்கழகம், பிரிட்டனின் வாரிக் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 17 ஆண்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். டபிள்யூடி 1145+017-ல் அந்தச் சரிவுகள் மறைந்துவிட்டன! மங்கிக்கொண்டே இருந்த நட்சத்திரம் இப்போது அமைதியாக ஒளிர்கிறது.

குறுக்கே வந்த தூசி பரவி மெலிந்துவிட்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதே ஆய்வில் இன்னொரு வெள்ளைக் குள்ளனில், 2010-ஐ ஒட்டி ஒரு பெரிய சிதைவு நடந்ததற்கான அறிகுறியும் கிடைத்தது. மூன்றாவது ஒன்றோ, சில மாதங்களுக்கு ஒருமுறை மங்கித் தெளிகிறது.

இதிலிருந்து தெரிவது: இந்தச் சிதைவு சீராக நடப்பதில்லை. திடீரென வெடித்து, பிறகு அடங்கிவிடுகிறது. நாம் பார்க்கும் ஜன்னல் சில ஆண்டுகளே திறந்திருக்கலாம். 2013-ல் பழுதான கெப்ளரை அப்போதே மூட்டை கட்டி வைத்திருந்தால், இந்த நட்சத்திரத்தின் ஜன்னலைத் தவறவிட்டிருப்போம்.

நம்ம சூரியனுக்கும் இதே கதிதானா?

ஆமாம். சந்திரசேகர் வரம்புக்குள் இருப்பதால் சூரியனும் வெள்ளைக் குள்ளனாகத்தான் முடியும். ஆனால் இப்போதே கவலைப்பட வேண்டாம். சுமார் 500 கோடி ஆண்டுகள் இருக்கின்றன.

அப்போது சூரியன் சிவப்பு ராட்சதனாக ஊதி, புதனையும் வெள்ளியையும் விழுங்கிவிடும். பூமியின் கதி இழுபறி. விழுங்கப்படாமல் தப்பினாலும், அதற்கு வெகு காலம் முன்பே கடல்கள் வற்றி வெந்த பாறையாகியிருக்கும். செவ்வாய், வியாழன், சனி எல்லாம் விலகிப்போய்த் தப்பிக்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் சிறுகோள்களில் மிஞ்சியவற்றை வியாழனின் ஈர்ப்பு அலைக்கழிக்கும். அதில் சில, செத்துப்போன சூரியனின் ரோஷ் எல்லைக்குள் விழுந்து உதிரும்.

அந்தக் காலத்தில் 500 ஒளியாண்டு தொலைவிலிருந்து யாராவது தொலைநோக்கியைத் திருப்பினால், மங்கி மங்கி ஒளிரும் ஒரு சின்ன நட்சத்திரம் தெரியும். அதன் நிறமாலையில் மக்னீசியம், சிலிகான், இரும்பு, கால்சியம் இருக்கும். இந்த நட்சத்திரத்தைச் சுற்றிப் பாறைக் கோள்கள் இருந்திருக்கின்றன என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதில் ஒன்றில் யாராவது வாழ்ந்தார்களா என்பதை மட்டும் அந்தத் தூசி சொல்லாது.